சருகா, வைக்கோலா, ஷீட்டா? மூடாக்கு போடும் முன் ஒரு கணக்கு

பங்குனி பிறந்துவிட்டால் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மூடாக்குக்கு எதைப் போடலாம்? சருகு போதுமா, வைக்கோல் வாங்கணுமா, இல்லை பேசாமல் மல்ச்சிங் ஷீட்டையே விரித்துவிடலாமா?" மூடாக்கு என்றால் மண் காயாமலும் களை முளைக்காமலும் இருக்கச் செடியைச் சுற்றி மண்மேல் போடும் போர்வை; மல்ச்சிங் ஷீட் அதற்கான பிளாஸ்டிக் விரிப்பு. கேட்பவர்களில் மொட்டைமாடியில் பத்திருபது பை வைத்திருப்பவரும் உண்டு, அரை ஏக்கரில் மிளகாய் நடப்போகிறவரும் உண்டு. இருவருக்கும் ஒரே பதில் செல்லாது.

நாம் எல்லோரும் கத்திரி வெயிலை மனதில் வைத்துத்தான் மூடாக்கைத் தேர்ந்தெடுக்கிறோம். வெயிலுக்கு எதைப் போட்டாலும் ஓரளவு பலன் உண்டு. கோணிச் சாக்கை விரித்தால்கூட மண் காய்வது குறையும். எது உதவி, எது தொல்லை என்பது ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் உங்கள் மூடாக்கு என்ன ஆகும் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கோடையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

## எதை வைத்து முடிவு செய்வது?

ஈரத்தைக் காப்பது, களையை அடக்குவது, இந்த இரண்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். இவற்றோடு இன்னும் மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஒன்று, அடைமழையில் அதன் நடத்தை. தண்ணீரைப் பிடித்துவைத்துத் தூரை அழுக வைக்குமா, வழிய விடுமா? இரண்டு, மட்கி மண்ணுக்கு ஏதாவது தருமா, இல்லை மண்ணிலிருந்து எடுக்குமா? மூன்று, கடைசியில் அதை என்ன செய்வீர்கள்? மட்கிப் போவதற்குச் செலவில்லை. மட்காததை யாராவது குனிந்து பொறுக்கியாக வேண்டும், அந்தக் கூலி கடைக்காரர் தரும் பில்லில் இருக்காது.

இதற்கெல்லாம் முன்னால் செடியின் ஆயுளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு மாதத் தக்காளிக்கும் நாற்பது வருட மாமரத்துக்கும் ஒரே மூடாக்கு எப்படிப் பொருந்தும்?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பட்டியல். விவரம் கீழே.

| மூடாக்கு | எவ்வளவு காலம் நிற்கும் | களை | அடைமழையில் | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|---|
| சருகு | 3–4 மாதம் | தடிமனாகப் போட்டால் அடங்கும் | சீக்கிரம் மட்கும், பெரிய பாதிப்பில்லை | சேர்க்கும் உழைப்பு, ஆடிக்காற்று |
| வைக்கோல் | 3–5 மாதம் | நன்றாக அடங்கும், நெல் முளைக்கும் | நத்தை, தூரழுகல் | கறையான், எலி, வண்டி வாடகை |
| தென்னை நார்க்கழிவு | ஒரு வருடத்துக்கு மேல் | சுமார் | தண்ணீரைப் பிடித்து வைக்கும் | உப்பு, தழைச்சத்துக் குறைவு |
| தேங்காய் மட்டை | பல வருடம் | நன்றாக அடங்கும் | நன்று | அடுக்கும் கூலி, தேள், பாம்பு |
| மல்ச்சிங் ஷீட் | ஒன்றிரண்டு பயிர் | மிக நன்று, கோரை தவிர | மேட்டுப்பாத்தியில் மிக நன்று | சொட்டுநீர், அகற்றும் கூலி |
| உயிர் மூடாக்கு | வெட்டும் வரை | படர்ந்த பிறகு நன்று | மிக நன்று | கோடையில் தண்ணீர்ப் போட்டி |

## சருகு

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதால் சருகை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு என் முதல் சிபாரிசு இதுதான். மண்புழு விரும்பி வருவது சருகுக்கு அடியில்தான். மழையில் பாதி மட்கிவிடுவதால் ஐப்பசியில் தானாகவே மெலிந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனால் அளவில் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். 100 சதுர அடிப் பாத்தியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் சருகு வேண்டும். அழுத்தி நிரப்பிய பெரிய சாக்குகளாக எண்ணினால் பத்துக்குக் குறையாது. அதுவும் ஒரு மாதத்தில் பாதியாக அமுங்கிவிடும், மறுபடி போட வேண்டும். மண் தெரியும்படி நாலு இலையைத் தூவிவிட்டு "மூடாக்கு போட்டேன், களை போகவே இல்லை" என்று சொல்வது நியாயமில்லை.

எந்த மரத்து இலை என்பதும் முக்கியம். வேம்பு, புங்கன், வாகை, கிளைரிசிடியா போன்ற சிறு இலைகள் சீக்கிரம் மட்கி உரமாகும். மா, பலா, பாதாம் இலைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஓடு வேய்ந்ததுபோல் ஆகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் ஓடும். மிதித்தோ வெட்டியோ நொறுக்கிப் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. தைல மர இலையைக் காய்கறிப் பாத்தியில் தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து கசிவது பிற செடிகளின் முளைப்பைக் கெடுக்கும். சாலையோரம் பெருக்கி எடுக்கிற குப்பையில் பார்த்தீனியம் விதையும் சீமைக் கருவேலங்காயும் கலந்திருக்கும். களையைத் தடுக்கப் போய் களையை விதைத்த கதை ஆகிவிடும்.

கோவை, தேனி, தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி ஆடிக்காற்று. காலையில் போட்ட சருகு மாலையில் பக்கத்து வீட்டில் கிடக்கும். போட்டவுடன் நன்றாக நனைத்து, மேலே நாலு தென்னங்கீற்றைக் கிடத்திவிட்டால் நிற்கும். வாசலை ஒட்டிய தோட்டமாக இருந்தால் கோடையில் தீ பற்றும் அபாயத்தையும் யோசிக்க வேண்டும். எறிந்த ஒரு பீடித்துண்டு போதும்.

## வைக்கோல்

பார்க்க அழகு, விரிக்கச் சுலபம். வெயில் பட்டால் வெளிர் நிறத்தால் திருப்பி அனுப்பிவிடும். காற்றில் அவ்வளவாகப் பறக்காது. ஒரு சாண் உயரத்துக்குத் தளர்வாகப் பரப்பினால் நாலு விரல் உயரத்தில் படிந்து நிற்கும். தக்காளி, கத்திரி, பூசணிக் காய்கள் மண்ணில் படாமல் சுத்தமாக இருக்கும். மழைத்துளி மண்ணைத் தெறிக்கவிட்டு அடி இலைகளில் நோயை ஏற்றுவதும் குறையும். சித்திரையில் நட்ட காய்கறிக்கு இதைவிட நல்லது கிடையாது.

அப்புறம்தான் தொல்லைகள். அடிக்காத நெல் தங்கியிருந்தால் பாத்தி முழுக்க நாற்றங்கால் ஆகிவிடும். முளைத்ததும் பிடுங்கி அங்கேயே போட்டுவிட்டால் சரி, விட்டால் அதுவே களை. செம்மண் பூமியில் கறையான் தேடி வரும். கறையான் காய்ந்த வைக்கோலைத் தின்கிற வரை கவலையில்லை, இளம் கன்றின் தூரில் கைவைக்கும்போதுதான் சிக்கல். நெல்மணி இருக்கும் இடத்துக்கு எலியும் வரும்.

மழைக்காலத்தில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு காலையில் ஒரு தக்காளிச் செடியின் தூரைச் சுற்றி வைக்கோலை விலக்குங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். தண்டை ஒட்டி வெள்ளை நூல் விசிறிபோல் படர்ந்து, அதில் கடுகளவு பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது தூரழுகல் பூஞ்சணம். அந்தச் செடி ஒரு வாரத்தில் வாடும், உருண்டைகள் மண்ணில் தங்கி அடுத்த பயிருக்கும் காத்திருக்கும். பக்கத்திலேயே கை நிறையக் கொள்ளும் ஆப்பிரிக்க நத்தையும் பகல் தூக்கத்தில் இருக்கலாம். அதற்கும் இந்த ஈர நிழல்தான் வீடு. ஆகவே புரட்டாசி முடிவில் வைக்கோலைத் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, உயரத்தையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். களிமண் பூமியில் மொத்தமாக வாரி வரப்பில் போட்டுவிட்டு, மார்கழி பனி குறைந்ததும் மறுபடி விரிப்பது இன்னும் நல்லது.

வாங்கும் நேரமும் முக்கியம். சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் காய்ந்த வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும். சித்திரையில் போய்க் கேட்டால் மாட்டுக்காரர்களோடு போட்டி போட வேண்டும், விலையும் ஏறியிருக்கும். குறுவை வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்துதான் வரும். மாட்டுக்கு ஆகாத அந்த வைக்கோல் மூடாக்குக்குத் தாராளமாகப் போதும், மலிவாகவும் கிடைக்கும். கட்டின் விலையைவிட அதைக் கொண்டுவரும் வண்டி வாடகை சில சமயம் அதிகம், அதனால் அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து எடுங்கள்.

கரும்புச் சோகை (காய்ந்த கரும்பு இலை) கிடைக்கிற ஊர்க்காரர்கள் வைக்கோலுக்குப் பதில் அதைப் போடலாம். குணம் ஏறக்குறைய ஒன்றே, கறையான் ஆசையும் ஒன்றே. கரும்பு வயலிலேயே அதைப் பரப்பும்போது இளங்குருத்துப்புழு குறைவது கூடுதல் லாபம்.

## தென்னை நார்க்கழிவும் மட்டையும்

இரண்டும் தென்னையிலிருந்துதான் வருகின்றன, குணம் வேறு வேறு.

நார்க்கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். 5 கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்தால் 70 லிட்டர் அளவுக்குப் பொங்கும். 100 சதுர அடிக்கு 5 சென்டிமீட்டர் போட ஆறேழு கட்டி வேண்டும். கோடையில் பேருதவி. ஆனால் கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசாமல் போட்டால் இளஞ்செடிகளின் இலை ஓரம் கருகும். இன்னொன்று, அதில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. மட்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் 100 பங்குக்கும் மேல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மட்க வைத்தால் 24-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். மட்காததை மேலாகப் போட்டால் பெரிய சேதமில்லை. கொத்தும்போது மண்ணோடு கலந்துவிட்டால்தான் நுண்ணுயிர்கள் அதை மட்க வைக்க மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். வைக்கோலுக்கும் இதே விதிதான். மேலே கிடக்கட்டும், கிளறாதீர்கள்.

மழைக்காலத்தில் நார்க்கழிவு நல்லதல்ல. மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும்.

தேங்காய் மட்டை அப்படியில்லை. தென்னை, மா, கொய்யா, எலுமிச்சை போன்ற மரங்களின் வட்டப்பாத்திக்கு இதற்கு இணை கிடையாது. தென்னைக்கு அடிமரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்குள் 100 மட்டைகளைக் குழிந்த பக்கம் கீழே, முதுகு மேலே இருக்கும்படி அடுக்கச் சொல்வார்கள். ஒருமுறை அடுக்கிவிட்டால் சில வருடங்களுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். மழை நீர் இடுக்குகளில் இறங்கிவிடும், மரத்தை ஒட்டித் தேங்காது. மட்டையை நிமிர்த்தி வைத்தால் மழைக்குப்பின் ஒவ்வொன்றும் ஒரு சிரட்டைத் தண்ணீர், அதில் கொசு. மட்டைக்கு அடியில் தேளும் பாம்பும் தங்கும் என்பதால் குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் வேண்டாம். தோப்பில் எருக்குழியையும் மட்கிய கழிவுகளையும் கிளறிப் பார்த்துக்கொண்டே இருங்கள், தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழு வளர்வது அங்கேதான்.

## மல்ச்சிங் ஷீட்

இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். விற்கிறவர்கள் களையே வராது என்பார்கள். இரண்டையும் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்போம்.

கடையில் அதிகம் கிடைப்பது 25 அல்லது 30 மைக்ரான் தடிமன், ஒரு பக்கம் வெள்ளி நிறம், மறுபக்கம் கறுப்பு. கறுப்புப் பக்கம் கீழே இருந்து களைக்கு வெளிச்சம் போகாமல் தடுக்கிறது. வெள்ளிப் பக்கம் மேலே இருந்து வெயிலைத் திருப்பி அடிக்கிறது; அந்த ஒளியில் அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ தடுமாறிச் செடியில் இறங்குவது குறைகிறது. மிளகாயில் இலைச்சுருட்டல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ என்பதை நினைத்தால் இது சின்ன லாபமில்லை. மழைக்காலத்திலும் மேட்டுப்பாத்தி மேல் போட்ட ஷீட் நன்றாக வேலை செய்கிறது: அதிக மழை வாய்க்காலில் வழிந்துவிடும், உரமும் கரைந்து போகாது.

4 அடி அகலம், 400 மீட்டர் நீளமுள்ள ரோலாக வைத்துக்கொண்டால், பாத்திக்குப் பாத்தி 5 அல்லது 6 அடி இடைவெளியில் ஒரு ஏக்கருக்கு 6 முதல் 7 ரோல் வேண்டும். தோட்டக்கலைத் துறையில் மானியம் உண்டு, வாங்கும் முன் வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற செலவுகள் அதற்குப் பிறகு வருகின்றன. சொட்டுநீர் இல்லாமல் ஷீட் போடுவதில் அர்த்தமில்லை. குழாயை முதலில் இழுத்து, தண்ணீர் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். மூடிய பிறகு ஒரு சொட்டுவாய் அடைத்துக்கொண்டால் செடி வாடிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும். தொழுவுரம் முழுவதையும் அடியுரமாகவே கொடுத்துவிட வேண்டும், மேலுரமெல்லாம் கரைசலாகத்தான் போக முடியும். சித்திரையில் துளை சின்னதாக இருந்தால் உள்ளிருந்து வரும் அனலிலும், ஓரம் தண்டில் படுவதாலும் நாற்று வெந்துவிடும். அந்தி நேரத்தில் நட்டு, துளையின் ஓரத்தில் ஒரு பிடி மண் போடுங்கள்.

கோரை இருக்கிற நிலம் என்றால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். விரித்த சில நாட்களில் ஷீட் அங்கங்கே கூடாரம்போல் சின்னதாகத் தூக்கும். மறுநாள் ஊசிபோல் பச்சை முனை ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். துளைகள் பெருகினால் கிழிய வேறு காரணம் வேண்டாம்.

பயிர் முடிந்த பின்தான் பெரிய செலவு. வெயிலில் நொறுங்கிய ஷீட்டை உருவினால் நாடா நாடாவாகக் கையோடு வரும், ஓரங்கள் மண்ணுக்குள்ளேயே தங்கும். மண் ஒட்டிய அந்தச் சுருளைப் பழைய இரும்புக் கடைக்காரர்கள்கூட எடுப்பதில்லை. அதனால்தான் வரப்பில் வைத்துக் கொளுத்துகிறார்கள். புகை நச்சு, எரியாமல் மிஞ்சுகிற துண்டு உழவில் மண்ணோடு கலந்துவிடும். ஷீட் போடுவதென்று முடிவெடுத்தால் மலிவான மெல்லிய ஷீட்டை வாங்காதீர்கள். 30 மைக்ரானாக வாங்கி, கடைசி அறுப்பு முடிந்த கையோடு, அது நொறுங்கும் முன்பே சுருட்டி எடுங்கள். அதற்கான ஆள்கூலியை இன்றைக்கே கணக்கில் எழுதிவிடுங்கள். அப்படியும் கட்டுப்படியானால் போடலாம். அரை ஏக்கருக்கு மேல் மிளகாய், தர்பூசணி, தக்காளி வைத்து, களையெடுக்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகும். வீட்டுக் கொல்லையில் நாலு பாத்திக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து.

## உயிர் மூடாக்கு

தட்டைப்பயறு, கொள்ளு, நரிப்பயறு போன்றவற்றை மரங்களுக்கிடையே விதைத்துப் படரவிடுவது. புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைத்தால் தண்ணீர்ச் செலவு கிடையாது, மழை அடித்துப்போகும் மேல்மண்ணைப் பிடித்து வைக்கும், வேரில் தழைச்சத்தையும் சேர்க்கும். பூக்கும் சமயத்தில் அறுத்து அங்கேயே கிடத்திவிட்டால் அதுவே கோடைக்குச் சருகு மூடாக்கு. சணப்பையும் தக்கைப்பூண்டும் 45 நாளில் இந்த நிலைக்கு வந்துவிடும்.

இதைக் கோடையில் செய்யாதீர்கள். கிணற்றில் இருக்கும் கொஞ்சத் தண்ணீருக்கு மரத்தோடு அதுவும் போட்டிக்கு நிற்கும். காய்கறிப் பாத்தியிலும் இடம் போதாது. தோப்புக்காரர்களுக்கு, அதுவும் சரிவான செம்மண் நிலத்தில் இருப்பவர்களுக்கு, இதுதான் முதல் தேர்வு.

கூழாங்கல்லையும் சிலர் கேட்கிறார்கள். அலங்காரச் செடிக்கும் கள்ளி வகைகளுக்கும் சரி. காய்கறிக்கு நம் ஊர் வெயிலில் வேண்டாம், இரவிலும் சூடு இறங்காது.

## யாருக்கு எது

கொல்லையில் காய்கறி என்றால் மாசி முதல் ஆவணி வரை வைக்கோல் அல்லது தடிமனான சருகு, புரட்டாசியில் மெலிதாக்கிவிட்டு, மழை முடிந்ததும் மறுபடி ஏற்றுவது. ஒரே பொருளை வருடம் முழுக்க ஒரே உயரத்தில் வைத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தோப்புக்கு மரத்தடியில் மட்டை, இடைவெளியில் உயிர் மூடாக்கு. கரிசல் நிலத்தில் கோடை வெடிப்பைக் குறைக்க எது கிடைத்தாலும் போடுங்கள், ஆனால் வெடிப்பு விழுந்த பிறகல்ல, மாசியிலேயே, மண்ணில் ஈரம் இருக்கும்போது. காய்ந்த மண்ணுக்கு மூடாக்கு போட்டால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறீர்கள். தூறல் மழையை மேலே கிடக்கும் சருகே குடித்துவிடும், வேருக்கு ஒன்றும் போகாது. முதலில் தண்ணீர், பிறகு மூடாக்கு.

மொட்டைமாடிப் பைகளில் பெரும்பாலோர் விளிம்புவரை மண்ணை நிரப்பிவிட்டு மூடாக்குக்கு இடமில்லை என்கிறார்கள். மூன்று விரல் உயரம் குறைத்து நிரப்புங்கள், அதில் நொறுக்கிய சருகோ நிலக்கடலைத் தோலோ போடலாம். கடலைத் தோலில் பருப்பு தங்கியிருந்தால் அணிலும் எலியும் பையையே கிளறிவிடும், புடைத்துப் போடுங்கள். மாடியில் நார்க்கழிவை மண் கலவையில் சேர்த்திருப்பீர்கள், மேலேயும் அதையே போட்டால் ஈரம் தெரியாமல் அதிகமாகத் தண்ணீர் ஊற்றிவிடுவோம். விரலை உள்ளே விட்டு இரண்டாவது கணு வரை ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் உறைபனிக்காக மூடுகிறவர்கள் கணக்கு தனி. அங்கே மண்ணை மட்டும் மூடினால் போதாது, இளம் செடியையே இரவில் தழையால் மூட வேண்டும்.

கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி போல நேரடியாக விதைக்கிற பாத்தியில் எதையும் தடிமனாகப் போடாதீர்கள். நாற்றங்காலில் முளைக்கும் வரை மெலிதாக வைக்கோல் தூவுவது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் முளை தலைகாட்டிய அன்றே மாலையில் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் நாற்று வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும்.